அக்கவுண்ட்ஸ் ரிசீவபிள் வேலைக்கு உண்மையில் என்ன தெரிந்திருக்க வேண்டும்?

காவிரிக்கரை:

எல்லோருக்கும் வணக்கம். பி.காம் முடித்துவிட்டு ஈரோட்டில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடும் வேலை பார்த்தேன். இப்போது கோவையில் பம்பு உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் அக்கவுண்ட்ஸ் ரிசீவபிள் (வாங்கியவர்களிடமிருந்து வர வேண்டிய பணத்தைப் பார்க்கும்) பிரிவில் வேலை கிடைத்திருக்கிறது. அடுத்த மாதம் சேர வேண்டும்.

இன்டர்வியூவில் டெபிட், கிரெடிட் பற்றி ஒரு கேள்வி கூட வரவில்லை. "ஒரு பார்ட்டியின் பில் எழுபது நாளாக நிற்கிறது. போனை எடுப்பதில்லை. அதே பார்ட்டிக்கு இன்று லோடு போக வேண்டும் என்று சேல்ஸ் மேனேஜர் வந்து நிற்கிறார். என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார்கள். எனக்குத் தோன்றியதைச் சொன்னேன். சரியான பதில் என்ன என்று இன்னும் தெரியவில்லை.

வீட்டில் அப்பாவுக்குத் தயக்கம். "வசூல் வேலையெல்லாம் உனக்கு எதற்கு" என்கிறார். இந்த வேலையில் இருக்கிறவர்கள் சொல்லுங்கள். என்ன கற்றுக்கொண்டு போக வேண்டும்? டாலி தெரியும், எக்செல் ஓரளவு தெரியும். கடுமையாகப் பேச வராது.

---

பீளமேடு_லெட்ஜர்:

வாழ்த்துகள் தங்கச்சி. இதில் வசூலும் உண்டு, அப்பாவிடம் அதை மறைக்க வேண்டாம். ஆனால் உங்கள் நாளின் பெரும்பகுதி போனில் போகாது, பணம் ஏன் வரவில்லை என்று தேடுவதில் போகும். நான் பார்த்தவரை, கொடுக்க மனமில்லாமல் நிறுத்திய பில் குறைவு. ஏதோ ஒரு தாள் சேராமல் நிற்கும் பில்தான் அதிகம். அது எந்தத் தாள், யார் மேசையில் கிடக்கிறது என்று கண்டுபிடிக்கிறவர்தான் நல்ல ரிசீவபிள் ஆள்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். 1,00,000 ரூபாய்ச் சரக்கு, 18% ஜிஎஸ்டி, பில் 1,18,000. பேங்கில் வந்தது 1,14,950. குறைவது 3,050. புதிதாக வருகிறவர்கள் வந்த தொகையை "ஆன் அக்கவுண்ட்" என்று போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். மூன்று மாதம் கழித்து அந்த லெட்ஜரைத் திறந்தால் எந்த பில்லுக்கு எந்தப் பணம் என்று யாராலும் சொல்ல முடியாது.

அந்த 3,050-ஐப் பிரித்துப் பாருங்கள். 100 ரூபாய் டிடிஎஸ், அதாவது பணம் தருகிறவர் பிடித்து அரசாங்கத்துக்குக் கட்டும் வருமான வரி. அந்த பார்ட்டி பெரிய கம்பெனி, உங்களிடம் வருடத்துக்கு 50 லட்சத்துக்கு மேல் வாங்குகிறது, அதனால் 0.1% பிடித்திருக்கிறார்கள். ஜிஎஸ்டியைத் தனியாகக் காட்டிய பில்லில் வரி சேராத 1,00,000 மீதுதான் பிடிப்பார்கள். அது உங்கள் கம்பெனியின் பணம்தான், அரசாங்கத்திடம் இருக்கிறது. 26ஏஎஸ்-இல் (நம் பெயரில் கட்டிய டிடிஎஸ்ஸைக் காட்டும் வருமான வரிப் பட்டியல்) வந்துவிட்டதா என்று பார்த்து வைக்க வேண்டும். மீதி 2,950 என்பது விலை வித்தியாசம் 2,500, அதற்கு ஜிஎஸ்டி 450. "பர்ச்சேஸ் ஆர்டரில் போட்ட விலையைவிட அதிகமாக பில் போட்டிருக்கிறீர்கள்" என்று அவர்கள் டெபிட் நோட் (தொகையைக் குறைத்ததற்கான சீட்டு) போட்டிருக்கிறார்கள். அது சரியா என்று கேட்க வேண்டிய இடம் உங்கள் சேல்ஸ் பிரிவு. சரி என்றால் கிரெடிட் நோட் (நாம் பில் தொகையைக் குறைத்துத் தரும் சீட்டு) போட்டு ஜிஎஸ்டிஆர்-1 என்ற விற்பனை ரிட்டர்னில் காட்ட வேண்டும். தவறு என்றால் விலை ஒப்புக்கொண்ட மெயிலை இணைத்து 2,950-ஐத் திரும்பக் கேட்க வேண்டும். ஆக, ஒரே வரவில் மூன்று முடிவு. இந்தப் பிரித்தறியும் பழக்கம்தான் இந்த வேலையின் முதல் திறமை. ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்ட அனுபவம் உங்களுக்கு இதில் நிச்சயம் கைகொடுக்கும்.

இப்போது இன்டர்வியூ கேள்வி. லோடை நிறுத்துவதா அனுப்புவதா என்பதை முடிவு செய்யும் அதிகாரம் உங்களுக்கு இல்லை, அது கிரெடிட் லிமிட் கொடுத்தவருடையது. அவர் இரண்டு நிமிடத்தில் முடிவு எடுக்கும்படி எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் வைப்பது உங்கள் பொறுப்பு. அந்த பார்ட்டியின் லிமிட் எவ்வளவு, மொத்த பாக்கி எவ்வளவு, அதில் தவணை தாண்டியது எவ்வளவு, கடைசியாகப் பணம் வந்த தேதிகள், நம் பக்கம் தீர்க்காத புகார் ஏதாவது உண்டா. இந்தக் கடைசி வரி முக்கியம். நாம் ரிஜெக்‌ஷன் சரக்கை எடுத்துவராமல் வைத்துக்கொண்டு அவர் லோடை நிறுத்தினால் அது நியாயமில்லை. புகார் ஒன்றும் இல்லை என்றால், பழைய பாக்கியில் ஒரு பகுதி வந்தபின் லோடு என்று பேசலாம்.

இன்னொன்று. எழுபது நாள் எந்தத் தேதியிலிருந்து? பில் தேதியிலிருந்தா, சரக்கை அவர்கள் ஏற்றுக்கொண்ட தேதியிலிருந்தா? ஆர்டரில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் போனைத் தொடக் கூடாது.

---

இரவுப்பணி_போரூர்:

இங்கே "ஏஆர்" (அக்கவுண்ட்ஸ் ரிசீவபிள்) என்றாலே பம்பு கம்பெனி நினைவுக்கு வருகிறது. சென்னையில், திருச்சியில், கோவையிலேயே கூட ஏஆர் வேலை என்று விளம்பரம் வந்தால் பாதிக்கு மேல் அமெரிக்க மருத்துவ பில்லிங்காகத்தான் இருக்கும். காவிரிக்கரைக்கு நேரடியாகப் பயன்படாது, ஆனால் இதே தேடலில் வருகிறவர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

எங்களுக்கு வாடிக்கையாளர் நோயாளி இல்லை, இன்சூரன்ஸ் கம்பெனி. டாக்டர் சிகிச்சை கொடுத்து கிளெய்ம் அனுப்பியிருப்பார், பணம் வந்திருக்காது, அல்லது மறுத்திருப்பார்கள். நாங்கள் அவர்களுக்குப் போன் செய்து காரணம் கேட்போம். காரணங்களுக்குக் குறியீடு உண்டு. சிஓ-16 என்றால் கிளெய்மில் ஏதோ தகவல் விட்டுப்போயிருக்கிறது. சிஓ-22 என்றால் முதலில் பணம் தர வேண்டியது வேறு இன்சூரன்ஸ். சிஓ-197 என்றால் முன் அனுமதி வாங்கவில்லை. சிஓ-29 என்றால் அனுப்ப வேண்டிய கெடு முடிந்துவிட்டது. மெடிகேர் என்ற அமெரிக்க அரசு இன்சூரன்ஸுக்குக் கெடு சிகிச்சை நாளிலிருந்து ஒரு வருடம், தனியார் கம்பெனிகளில் அதைவிடக் குறைவாக இருப்பது சகஜம். சிஓ-29 வந்துவிட்டால், கெடுவுக்குள் அனுப்பியதற்கு ஆதாரம் கையில் இருந்தால்தான் மேல்முறையீட்டுக்குப் பலன்.

குறியீட்டை மனப்பாடம் செய்துவிட்டால் வேலை தெரிந்துவிட்டது என்று பயிற்சியில் நினைப்பார்கள். அது முதல் படி. மறுமுனையில் இருப்பவரிடம் அடுத்து என்ன கேட்பது என்று தெரிவதுதான் திறமை. "தகவல் இல்லை" என்றால் எந்தத் தகவல்? திருத்திய கிளெய்ம் அனுப்பலாமா, மேல்முறையீடுதானா? எந்த முகவரிக்கு, எத்தனை நாளுக்குள்? அழைப்பின் குறிப்பு எண் என்ன? இத்தனையும் ஒரே அழைப்பில் வாங்கி, அடுத்தவர் படித்தால் புரியும்படி நோட்ஸ் எழுத வேண்டும். நீண்ட நேரம் காத்திருந்து கிடைத்த ஆளிடம் பாதி கேட்டுவிட்டு வைத்தால், மறுபடி முதலிலிருந்து.

ராத்திரி வேலை என்பதை யோசித்துச் சேருங்கள். மார்ச்சிலும் நவம்பரிலும் அங்கே கடிகாரத்தை மாற்றும்போது நம் ஷிப்டும் ஒரு மணி நேரம் நகரும். நோயாளி விவரம் என்பதால் ஹிப்பா சட்டத்தின் கட்டுப்பாடு உண்டு, பல இடங்களில் செல்போனை வெளியே வைத்துவிட்டுத்தான் உள்ளே போக முடியும்.

---

காவிரிக்கரை:

நன்றி அண்ணா, நன்றி போரூர். வேறு உலகம் போலத் தெரிந்தாலும் "எந்தத் தகவல் இல்லை என்று கேள்" என்பது இரண்டு பதிலிலும் இருக்கிறது. பெரிய கம்பெனிகளுக்கு நேரடியாக சப்ளை செய்கிறவர்கள் யாராவது இருக்கிறீர்களா? எங்கள் கம்பெனிக்கு டீலர்களோடு அப்படி இரண்டு மூன்று பார்ட்டிகளும் உண்டு என்றார்கள்.

---

ஒரகடம்_வெண்டர்:

நான் இருக்கிறேன். பெரிய கம்பெனிக்கு சப்ளை செய்தால் நீங்கள் பேச வேண்டிய ஆள் அவர்களின் அக்கவுண்ட்ஸ் இல்லை, அவர்களின் ஸ்டோர்ஸ். சரக்கு இறங்கி, எண்ணிக்கை சரிபார்த்து, தரம் பார்த்து, ஜிஆர்என் (சரக்கு வந்து சேர்ந்ததற்கான ரசீது) போட்டால்தான் பில் அவர்கள் சிஸ்டத்தில் உயிர் பெறும். அதுவரை நீங்கள் எத்தனை மெயில் போட்டாலும் "பில் வரவில்லை" என்றுதான் பதில் வரும், அவர்கள் திரையில் உண்மையாகவே இல்லை.

ஆகவே அறுபதாவது நாள் போன் செய்வது தாமதம். சரக்கு போன அந்த வாரத்திலேயே அவர்களின் வெண்டர் போர்ட்டலில் நுழைந்து ஜிஆர்என் வந்துவிட்டதா, பில் புக் ஆகிவிட்டதா, தவணைத் தேதி எது என்று பார்த்துவிட வேண்டும். பில்லில் பர்ச்சேஸ் ஆர்டர் எண், வரிசை எண், எச்எஸ்என் கோடு (சரக்கின் வகையைக் காட்டும் எண்) எல்லாம் அவர்கள் ஆர்டரில் இருப்பது போலவே இருக்க வேண்டும். ஓர் எண் மாறினால் திருப்பி அனுப்புவார்கள்.

இ-இன்வாய்ஸ் போடும் கம்பெனி என்றால் (ஆண்டு விற்பனை 5 கோடிக்கு மேல் போனால் 2023 ஆகஸ்டிலிருந்து கட்டாயம்) இதில் இன்னொரு சிக்கல் உண்டு. ஐஆர்என் (அரசுத் தளம் பில்லுக்குத் தரும் பதிவு எண்) எடுத்த பில்லை 24 மணி நேரத்துக்குள்தான் ரத்து செய்ய முடியும். அதற்குப் பிறகு கிரெடிட் நோட் போட்டுப் புது பில் போட வேண்டியதுதான். ஆகவே பில் போடும் பிரிவோடு நல்ல உறவு வைத்துக்கொள்ளுங்கள்.

---

பின்னலாடை_ஜாப்வொர்க்:

திருப்பூரில் சின்ன யூனிட் நடத்துகிறேன். எனக்குத் தனியாக ரிசீவபிள் ஆள் கிடையாது, நானும் என் மனைவியும்தான். மேலே எழுதியது எல்லாம் சரி, ஆனால் எல்லாம் தாள் பிரச்சினை என்பதை என்னால் ஏற்க முடியாது. எங்களிடம் நிட்டிங், டையிங், பிரிண்டிங், எம்பிராய்டரி என்று ஒவ்வொரு கையாகத் துணி மாறிப் போகிறது. மேலே இருப்பவருக்கு வெளிநாட்டிலிருந்து பணம் வந்தால் எங்களுக்கு வரும். எங்கள் பில்லில் ஒரு குறையும் இருக்காது. அவர் கையில் இருக்கிற பணத்தை யார் அதிகம் கேட்கிறாரோ அவருக்குக் கொடுப்பார். தீபாவளிக்கு முன் போனஸ் கொடுக்க எல்லோருக்கும் பணம் வேண்டும். அந்த வாரங்களில் மெயில் அனுப்பிவிட்டு உட்கார்ந்திருந்தால் ஒன்றும் வராது. நேரில் போக வேண்டும், அலுவலகத்தில் உட்கார வேண்டும், முகம் காட்ட வேண்டும்.

சின்ன யூனிட்டுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்ற சட்டம் வந்துவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். நான் அதை எடுத்துச் சொன்னால் அடுத்த ஆர்டர் பக்கத்து யூனிட்டுக்குப் போகும். இதையும் தங்கச்சி தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

---

பீளமேடு_லெட்ஜர்:

ஜாப்வொர்க் அண்ணன் சொல்வதை மறுக்க மாட்டேன். நான் எழுதியது தொழிற்சாலைக்கு வாங்கும் பார்ட்டிகளை மனதில் வைத்து. ஆள்பலம் இல்லாத சின்ன யூனிட்டுக்கு நிலைமை வேறு. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். நேரில் போகிறவர் கையில் பில் வாரியான ஸ்டேட்மென்ட் இருந்தால் அந்தப் பேச்சே வேறு மாதிரி போகும். "ஏதாவது பார்த்துக் கொடுங்கள்" என்று கேட்பவருக்கு ரவுண்டாக ஒரு தொகை வரும். "இந்த நாலு பில், இந்தத் தேதி, மொத்தம் இவ்வளவு" என்று கேட்பவருக்கு குறைந்தது அதில் இரண்டு பில் முடியும்.

---

கணக்கும்_சட்டமும்:

45 நாள் பற்றிப் பாதி பாதியாகப் பேசப்படுவதால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். ரிசீவபிள் வேலையில் இருப்பவருக்கு இது அன்றாடம் தேவைப்படும்.

2006-ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இடி சட்டம், பிரிவு 15: குறு, சிறு நிறுவனத்திடம் பொருளோ சேவையோ வாங்கியவர், எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதில் உள்ள தேதிக்குள் பணம் தர வேண்டும், அதுவும் 45 நாளைத் தாண்டக் கூடாது. எழுத்தில் ஒன்றும் இல்லை என்றால் 15 நாள்தான். "நம் ஊரில் 90 நாள் வழக்கம்" என்ற வாய்ப்பேச்சுக்கு இந்தச் சட்டத்தில் இடமில்லை. தாமதித்தால் பிரிவு 16-இன்படி ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதந்தோறும் கூட்டு வட்டியாக.

இது பல வருடமாக இருந்தும் வாங்குகிறவர்கள் பெரிதாகக் கவலைப்படவில்லை. 2023 நிதிச் சட்டம் வருமான வரியில் 43பி(எச்) என்று ஒன்றைச் சேர்த்து, 2024 ஏப்ரல் முதல் அது நடைமுறைக்கு வந்த பிறகுதான் நிலைமை மாறியது. கெடு தாண்டியும் மார்ச் 31 அன்று கொடுக்காமல் நிற்கும் தொகையை வாங்கியவர் அந்த வருடச் செலவாகக் காட்ட முடியாது, கொடுக்கும் வருடத்தில்தான் காட்டலாம். அதாவது கொடுக்காத பணத்துக்கு வரி கட்ட வேண்டும். பிப்ரவரி, மார்ச்சில் அவர்களே போன் செய்து உத்யம் சான்றிதழ் (குறு, சிறு, நடுத்தர நிறுவனமாகப் பதிந்ததற்கான சான்று) கேட்பதற்குக் காரணம் இதுதான்.

இதில் இரண்டு வரம்பு உண்டு. நடுத்தர நிறுவனங்களுக்கு இது பொருந்தாது, குறு, சிறு மட்டும்தான். வாங்கி விற்கும் வியாபாரிகள் உத்யம் பதிவு வைத்திருந்தாலும் அது வங்கிக் கடன் சலுகைக்காகத்தான். இந்தத் தாமதப் பாதுகாப்பு உற்பத்தி, சேவை நிறுவனங்களுக்கானது.

ஜாப்வொர்க் அண்ணனின் பயம் நியாயமானது. சட்டத்தை மிரட்டலாகச் சொல்ல வேண்டாம். ஒவ்வொரு பில்லின் அடியிலும் உத்யம் எண்ணை அச்சிட்டுவிடுங்கள். அதைப் பார்த்து அவர்களின் ஆடிட்டரே கேட்பார், உங்கள் வாயிலிருந்து வர வேண்டியதில்லை. அதே போல ஜிஎஸ்டியில் 180 நாள் விதி. பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் பணம் கொடுக்காவிட்டால் வாங்கியவர் எடுத்த இன்புட் வரியை (அந்த பில்லின் ஜிஎஸ்டியைத் தன் வரியில் கழித்துக்கொண்டது) வட்டியோடு திருப்ப வேண்டும், பணம் கொடுத்த பிறகு மறுபடி எடுத்துக்கொள்ளலாம். நூற்றைம்பதாவது நாளில் "சார், இந்த பில்லுக்கு 180 நாள் நெருங்குகிறது, உங்களுக்கு வட்டி வந்துவிடக் கூடாது" என்று ஒரு மெயில் போதும். அது அவருக்கு உதவியும்கூட.

பெரிய வாங்குநர் ட்ரெட்ஸ் தளத்தில் இருந்தால் அதையும் கேட்டுப் பாருங்கள். ஆர்எக்ஸ்ஐஎல், எம்1எக்ஸ்சேஞ்ச், இன்வாய்ஸ்மார்ட் போன்றவை ரிசர்வ் வங்கி அனுமதியோடு நடப்பவை. வாங்கியவர் பில்லை ஏற்றுக்கொண்டதும் ஏதாவது ஒரு வங்கி கழிவு பிடித்துக்கொண்டு உங்களுக்குப் பணம் கொடுத்துவிடும். பிறகு வாங்கியவர் கட்டத் தவறினால் உங்களிடம் திரும்பி வர மாட்டார்கள்.

கடைசியாக, காலக்கெடு. சரக்கு விற்ற பாக்கிக்கு வழக்குப் போட 3 வருடம். அது முடிவதற்குள் பார்ட்டி கையெழுத்தோடு "இவ்வளவு பாக்கி உண்மை" என்று எழுதிக் கொடுத்தால் அந்த நாளிலிருந்து கெடு புதிதாகத் தொடங்கும். ஒவ்வொரு மார்ச்சிலும் பேலன்ஸ் கன்ஃபர்மேஷன் வாங்குவது ஆடிட்டர் கேட்கிறார் என்பதற்காக மட்டும் இல்லை. செக் திரும்பினால் கெடு இன்னும் குறுகலானது: வங்கி தகவல் சொன்னதிலிருந்து 30 நாளுக்குள் நோட்டீஸ், நோட்டீஸ் கிடைத்து 15 நாள் அவகாசம், அதன்பின் ஒரு மாதத்துக்குள் வழக்கு. திரும்பிய செக்கை மேசை டிராயரில் வைத்துக்கொண்டு "அடுத்த வாரம் தருகிறார்" என்று காத்திருக்கக் கூடாது.

---

பின்னலாடை_ஜாப்வொர்க்:

உத்யம் எண்ணை பில்லில் அச்சிடுவது நல்ல யோசனை. இந்த வாரமே பில் புக்கை மாற்றச் சொல்கிறேன்.

---

துறைமுகத்து_அக்கா:

தூத்துக்குடியில் சரக்குப் போக்குவரத்துக் கம்பெனி ஒன்றில் ரிசீவபிள் பார்க்கிறேன். கடுமையாகப் பேச வராது என்று எழுதியிருந்தாய். வர வேண்டாம்மா. கடுமையாகப் பேசுகிறவர்களின் போனைத்தான் பார்ட்டி எடுப்பதில்லை.

நான் செய்வதைச் சொல்கிறேன். போன் செய்யுமுன் லெட்ஜரும், போன முறை என்ன சொன்னார் என்ற குறிப்பும் முன்னால் திறந்திருக்க வேண்டும். "சார், பணம் எப்ப வரும்?" என்று தொடங்கினால் "பார்க்கலாம்மா" என்று முடியும். அதற்குப் பதில், "வணக்கம் சார், பன்னிரண்டாம் தேதி பில், 84,000, போன வெள்ளிக்கிழமை போட்டுவிடுவதாகச் சொல்லியிருந்தீர்கள். அதில் எங்கள் பக்கம் ஏதாவது நிற்கிறதா?" என்று கேட்பேன். அந்தக் கடைசிக் கேள்வி அவருக்கு உண்மையைச் சொல்ல ஒரு வழி கொடுக்கிறது. சரக்கில் சேதம் இருந்தது, உங்கள் டிரைவர் சண்டை போட்டார், வங்கி லிமிட் முடிந்துவிட்டது என்று என்ன காரணமானாலும் அப்போதுதான் வெளியே வரும்.

பிறகு தேதி வாங்க வேண்டும். "அடுத்த வாரம்" என்பது தேதி இல்லை. "புதன்கிழமை என்று எழுதிக்கொள்ளட்டுமா சார்?" என்று கேட்டால் மறுக்க மாட்டார், அல்லது வியாழன் என்பார். போனை வைத்ததும் அதையே இரண்டு வரியில் வாட்ஸ்அப்பிலோ மெயிலிலோ அனுப்பிவிடு. புதன்கிழமை வராவிட்டால் வியாழன் காலையில் கூப்பிடு. வெள்ளிக்கிழமை வரை விட்டால், இந்தப் பெண் தேதியைக் கவனிக்க மாட்டாள் என்று அவர் புரிந்துகொள்வார்.

பணம் போட்டாயிற்று என்றால் யுடிஆர் எண் (அந்தப் பணப் பரிமாற்றத்தின் வங்கிக் குறிப்பு எண்) கேள். நெஃப்ட் 2019 டிசம்பரிலிருந்தும் ஆர்டிஜிஎஸ் 2020 டிசம்பரிலிருந்தும் எல்லா நாளும் எல்லா நேரமும் நடக்கிறது, ஆகவே "இன்று பேங்க் லீவு" என்ற பதில் இப்போது செல்லாது. எந்த பில்லுக்கு எவ்வளவு, எதைப் பிடித்தார்கள் என்ற பேமென்ட் அட்வைஸையும் அப்போதே வாங்கிவிடு. பணம் வந்த சந்தோஷத்தில் அதை விட்டுவிட்டால் பீளமேடு அண்ணா சொன்ன 3,050 உன் தலையில்தான்.

பார்ட்டி வீட்டில் துக்கம், தொழிற்சாலையில் தீ விபத்து என்று எதுவாவது நடந்திருந்தால் அன்று பாக்கி பேசாதே. அதை உன் மேனேஜரிடம் சொல்லி ஃபாலோ-அப்பை நிறுத்தி வைக்கச் சொல். பல வருடம் வியாபாரம் செய்கிறவர்கள் இதை மறக்க மாட்டார்கள்.

அப்பாவிடம் சொல், இந்த வேலையில் கம்பெனியின் எல்லாப் பெரிய பார்ட்டிக்கும் உன் பெயர் தெரிந்துவிடும். சேல்ஸ், ஸ்டோர்ஸ், பில்லிங், பேங்க் எல்லோரோடும் பேச வேண்டியிருப்பதால் வியாபாரம் எப்படி ஓடுகிறது என்று ஒரே இடத்தில் உட்கார்ந்து தெரிந்துகொள்வாய். எங்கள் அலுவலகத்தில் ஃபைனான்ஸ் மேனேஜராக இருக்கிறவரும் ரிசீவபிளிலிருந்து வந்தவர்தான்.

---

சரிபார்ப்பு:

இன்டர்னல் ஆடிட் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. ரிசீவபிளில் நேர்மையாக இருந்தால் மட்டும் போதாது, நேர்மை வெளியே தெரியும்படி வேலையும் பிரிந்திருக்க வேண்டும். பணத்தையோ செக்கையோ கையில் வாங்குகிறவரே லெட்ஜரில் என்ட்ரி போட்டு, அவரே கன்ஃபர்மேஷனும் அனுப்பினால், ஒரு பார்ட்டியின் பணத்தை எடுத்துக்கொண்டு அடுத்த பார்ட்டியின் வரவை அதில் போட்டு மறைத்துக்கொண்டே போக முடியும். இந்த மோசடி பல வருடம் வெளியே தெரியாமல் ஓடக் கூடியது. உங்கள் கம்பெனியில் மூன்றையும் உங்களிடமே கொடுத்தால், பேங்க் ஸ்டேட்மென்டை வேறு ஒருவர் பார்க்கும்படி நீங்களே கேளுங்கள். அது உங்களுக்குத்தான் பாதுகாப்பு. ரைட்-ஆஃப் (வராத பாக்கியைத் தள்ளிவிடுவது), டிஸ்கவுன்ட், கிரெடிட் நோட் எதையும் எழுத்தில் அனுமதி இல்லாமல் போடாதீர்கள்.

இன்னொரு ஆபத்து வெளியிலிருந்து வருவது. உங்கள் கம்பெனி பெயரில் ஓர் எழுத்து மட்டும் மாற்றிய மெயில் முகவரியிலிருந்து "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இதில் போடுங்கள்" என்று உங்கள் பார்ட்டிக்கு மெயில் போகும். பணம் மோசடிக்காரனுக்குப் போய்ச் சேரும், பார்ட்டி "நான் கட்டிவிட்டேன்" என்பார். கணக்கு மாற்றம் என்று எந்த மெயில் வந்தாலும் பழைய எண்ணில் போன் செய்து கேட்காமல் மாற்ற வேண்டாம் என்று எல்லாப் பார்ட்டிக்கும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

---

ஒரகடம்_வெண்டர்:

எக்செல் பற்றி யாரும் எழுதவில்லை. பைவட் டேபிள், எக்ஸ்லுக்-அப் அல்லது வி-லுக்-அப், சம்இஃப்ஸ், தேதிக் கழித்தல். இவ்வளவு நன்றாக வந்தால் போதும். இதை வைத்து 0-30, 31-60, 61-90, 90-க்கு மேல் என்று ஏஜிங் (பாக்கி எத்தனை நாளாக நிற்கிறது என்ற பட்டியல்) போடத் தெரிய வேண்டும். டாலியில் ரிசீட் போடும்போது "அகெய்ன்ஸ்ட் ரெஃப்" கொடுத்து பில்லோடு கோர்க்கும் பழக்கம் இருந்தால் ஏஜிங் தானாகவே சரியாக வரும். கம்பெனி எஸ்ஏபி மென்பொருளுக்கு மாறினால் எஃப்பிஎல்5என், எஃப்-28 என்று திரைகளின் பெயர்தான் மாறும், தர்க்கம் அதேதான்.

டிஎஸ்ஓ (விற்ற பணம் வந்து சேர சராசரியாக எத்தனை நாள் ஆகிறது) கேட்பார்கள். 90 நாளில் 9 கோடி கடன் விற்பனை, பாக்கி 6 கோடி என்றால் 60 நாள். ஆனால் மாதக் கடைசியில் ஒரு பெரிய பில் போனாலே இந்த எண் ஏறிவிடும். ஆகவே தவணை தாண்டிய பாக்கி எவ்வளவு என்பதையும் பக்கத்தில் வைத்தே காட்டுங்கள். மேனேஜ்மென்ட் தவறான ஆளைக் கோபித்துக்கொள்ளாமல் இருக்கும்.

---

காவிரிக்கரை:

இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு எல்லோருக்கும் நன்றி. அப்பாவிடம் அக்கா எழுதியதை வாசித்துக் காட்டினேன். "கோயம்புத்தூரில் எங்கே தங்குவாய்" என்று அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

ஒரே ஒரு சந்தேகம். முதல் வாரத்தில் எங்கிருந்து தொடங்குவது? இருநூறுக்கு மேல் பார்ட்டிகள் இருப்பதாகச் சொன்னார்கள்.

---

பீளமேடு_லெட்ஜர்:

ஏஜிங்கை எடுத்துத் தொகைவாரியாக அடுக்குங்கள். எல்லா இடத்திலும் முதல் இருபது முப்பது பேரிடம்தான் பெரும்பகுதி பாக்கி இருக்கும். அந்த ஒவ்வொரு லெட்ஜரிலும் ஒதுக்காமல் கிடக்கும் வரவுகளை முதலில் பில்லோடு பொருத்துங்கள். தவணை தாண்டிய பாக்கி என்று நினைத்தது அதிலேயே கணிசமாகக் குறையும். அதைச் செய்யாமல் போன் செய்தால், கட்டிய பில்லுக்கே பணம் கேட்பீர்கள்.

அடுத்து அந்தப் பார்ட்டிகளின் ஆர்டரைப் படித்து மூன்று விவரம் குறித்துக்கொள்ளுங்கள்: தவணை எத்தனை நாள், எந்தத் தேதியிலிருந்து, பணம் அனுப்பும் நாள் எது. சிலர் மாதத்தில் குறிப்பிட்ட தேதிகளில் மட்டும்தான் அனுப்புவார்கள், அதற்கு நாலு நாள் முன்னால் கூப்பிட்டால்தான் அந்தப் பட்டியலில் நம் பில் ஏறும்.

அரசுத் துறைப் பார்ட்டிகளுக்குத் தனி ஃபைல் போடுங்கள். அங்கே பிடித்து வைக்கும் ரிடென்ஷன் தொகைக்கும் பேங்க் கேரன்டிக்கும் முடியும் தேதி உண்டு. கேட்காவிட்டால் யாரும் தாமாகத் திருப்பித் தர மாட்டார்கள்.

---

துறைமுகத்து_அக்கா:

முதல் போன் செய்யும்போது பாக்கி கேட்காதே. "நான் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன் சார், இனி உங்கள் கணக்கை நான்தான் பார்ப்பேன், ஸ்டேட்மென்ட் அனுப்புகிறேன், உங்கள் புத்தகத்தோடு ஒத்துப்போகிறதா என்று சொல்லுங்கள்" என்று மட்டும் பேசு. இரண்டாவது போனில் கேள். காந்திபுரம், பீளமேடு பக்கம் நல்ல லேடீஸ் ஹாஸ்டல் தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள்.